இரண்டு புத்தகங்களுக்கு நடுவே

அப்பாவின் புத்தகம் ஒன்று திருடு போய்விட்டது என்று ஆரம்பித்தவர், முடிக்கும்போது கேட்ட உதவி வேறாக இருந்தது. திருடியதாகச் சொல்லப்படும் ஆள் திருடவில்லை என்று யாராவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்றார்.

வந்தவர் பல் மருத்துவர். நாற்பதைத் தாண்டியவர். எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவரை அந்தத் தெருவே அண்ணி என்றுதான் அழைக்கும். கீழே மருந்துக் கடை வைத்திருக்கும் அவருடைய கொழுந்தன் காலையிலிருந்து இரவு வரை "அண்ணி, அண்ணி" என்று மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்ததில் ஊருக்கே தொற்றிக்கொண்ட பெயர் அது. காப்பீட்டு நிறுவனம் ஒன்றில், தீ விபத்து நடந்த கட்டடங்களுக்குள் போய், தீ முதலில் எங்கே பற்றியது என்று சொல்வது அண்ணியின் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் அவரைத் தேடி வருவது நிற்கவில்லை. ஆட்கள் வந்தால் கொழுந்தனுக்குக் கடையில் கால் தரிக்காது. அன்றும் கல்லாவை உதவியாளரிடம் விட்டுவிட்டு மேலே வந்து நின்றுகொண்டிருந்தான்.

பல் மருத்துவர் விஷயத்தைச் சொன்னார். அப்பா நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் காலையில் நடக்கப் போனவர் வழியில் மயங்கி விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. யாரோ அரசு மருத்துவமனையில் கொண்டு சேர்த்திருக்கிறார்கள். சாயங்காலமே தம்பி அவரை வேறு மருத்துவமனைக்கு மாற்றிவிட்டான். உயிர் பிழைத்தார். ஆனால் வலது கை வரவில்லை. பேச்சும் குழம்பிவிட்டது.

"பேசவே மாட்டாரா?" என்று கேட்டார் அண்ணி.

"பேசுவார், வார்த்தைதான் மாறி வருது. தண்ணி வேணும்னா டம்ளர்ங்கறார். லைட்டைப் போடச் சொல்லணும்னா சுவிட்ச்ங்கறார். என்னைப் பாத்து தம்பி பேரைச் சொல்றார்."

அவர் மருத்துவமனையில் இருந்தபோது, ஏற்கெனவே பேசி வைத்திருந்தபடி வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். பெயின்டர் ஒரே ஆள்தான். அப்பாவின் அறையில் சுவர் நீளத்துக்கு ஒரு புத்தக அலமாரி உண்டு. அதன் வரிசை மாறினால் அவருக்குப் பொறுக்காது என்று சொன்னதால், பெயின்டர் எடுப்பதற்கு முன் போனில் படம் பிடித்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அதே மாதிரி அடுக்கி, அதையும் ஒரு படம் எடுத்துவிட்டுப் போனார். அப்பா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், மேல் தட்டில் இரண்டு புத்தகங்களுக்கு நடுவே ஒரு இடைவெளி தெரிந்தது. அப்பா அதையே காட்டிக் காட்டிக் கண்ணீர் விடுகிறார். "குடை, குடை" என்கிறார். குடையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் தள்ளிவிடுகிறார். சாப்பாடு இறங்கவில்லை. பழைய புத்தகம், நல்ல விலைக்குப் போயிருக்கும், பெயின்டர்தான் எடுத்திருப்பான் என்று தம்பி முடிவு கட்டி, ஆளை அனுப்பிய மேஸ்திரியிடம் சொல்லிவிட்டான். மேஸ்திரி பெயின்டரை வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

"அந்த ஆள் ஒவ்வொரு புத்தகத்தையும் துணியால துடைச்சு வெச்சவர்," என்றார் பல் மருத்துவர். "எனக்கு மனசு கேக்கலை."

அன்று பிற்பகலே அண்ணியும் கொழுந்தனும் அந்த வீட்டுக்குப் போனார்கள். பெரியவர் ஜன்னல் பக்கம் சாய்வு நாற்காலியில் இருந்தார். அண்ணி கைகூப்பினார். பெரியவர் இடது கையைத் தூக்கி மேல் தட்டைக் காட்டினார். ஒரு கட்டை விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. இடது பக்கம் நீச்சல் கற்றுக்கொடுக்கும் புத்தகம். வலது பக்கம் தையல் புத்தகம். வரிசை முழுக்க நெருக்கியடித்து நின்றது. வலது கோடியில் மட்டும் ஒல்லியான புத்தகம் ஒன்று, நிற்க இடமில்லாமல் மற்றவற்றின் தலைமேல் படுத்திருந்தது.

கொழுந்தன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். நீச்சலுக்கும் தையலுக்கும் நடுவே என்ன வரும்? "நீச்சலுடை தைக்கிறதைப் பத்தின புத்தகமா இருக்கும் அண்ணி," என்றான். பெரியவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து ஒரு மாதமாகிறது என்று மகளான பல் மருத்துவர் மெதுவாகச் சொன்னார்.

"தலைப்பை விட்டுடு," என்றார் அண்ணி. "சதுரங்கத்துக்குப் பக்கத்துல தேனீ வளர்ப்பு இருக்கு பாரு. இவர் வேற ஏதோ கணக்குல அடுக்கியிருக்கார்."

அதற்கு மகள் பதில் சொன்னார். சதுரங்கம் சொல்லிக்கொடுத்த நண்பர் தேனீ வளர்த்தவர். தேனீ புத்தகத்தை வாங்கிய கடையில்தான் அப்பா முதல் முறையாக அம்மாவைப் பார்த்தார், அதனால் அடுத்தது அம்மா படித்த சமையல் புத்தகம். இப்படியே ஒன்றிலிருந்து ஒன்றாகப் போகும். சின்ன வயதில் சாப்பிட உட்கார்ந்தால் அப்பா இதைச் சொல்லாமல் விடமாட்டார். தானும் தம்பியும் காதைப் பொத்திக்கொள்வதுண்டு என்றார். ஆனால் அண்ணி ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்கக் கேட்க, ஏறக்குறைய எல்லாமே அவருக்கு நினைவிருந்தது. பெரியவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"நீச்சல்?"

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல அளக்கப் போன இடத்துல ஆத்துல விழுந்துட்டார். படகுக்காரர் ஒருத்தர் முடியைப் பிடிச்சு இழுத்துக் கரையில போட்டாராம். முதல்ல நீச்சல் கத்துக்கோன்னு திட்டினாராம். மறுநாளே வாங்கின புத்தகம்."

"தையல்?"

"தெரியாத ஊர்ல காய்ச்சல்ல கிடந்தப்போ, கீழ்வீட்டு டெய்லர் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டார். அவர் கொடுத்தது." மகள் இரண்டு புத்தகங்களையும் தொட்டுக் காட்டினார். "அவங்க ரெண்டு பேரும் இல்லேன்னா நீங்க யாரும் இல்லைன்னு அப்பா சொல்வார்."

அண்ணி அந்த இடைவெளியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, மருத்துவமனையில் திருப்பிக் கொடுத்த பொருள்கள் இருக்கின்றனவா என்று கேட்டார். கைக்கடிகாரம், கண்ணாடி, மடித்த துணிப்பை, அன்று போட்டிருந்த சட்டை. சட்டையை அப்படியே பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்திருந்தார்கள். பிரித்தபோது பூஞ்சை வாடை அடித்தது. இடது தோளிலும் முதுகின் குறுக்கே ஒரு கை அகலத்துக்கும் கரும்புள்ளிகள் பூத்திருந்தன. முன்பக்கம் சுத்தமாக இருந்தது. அன்று மழையா என்று அண்ணி கேட்க, நல்ல வெயில், தார் உருகுகிற வெயில் என்றார் மகள். அப்பா வழக்கமாக எந்தப் பக்கம் நடப்பார்? பழைய புத்தகக் கடைக்குப் போய், பஸ் பணிமனை வழியாகத் திரும்புவார்.

கொழுந்தன் புத்தகக் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தான். அன்று காலை பெரியவர் ஒட்டகங்களைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கிப் போனாராம். வெற்றி பெற்றவன் போல வந்து சொன்னவனுக்கு, அதை வைத்து அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. நீச்சல், ஒட்டகம், தையல் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வந்தான். அண்ணி மட்டும் பணிமனைக்குத் தனியாகப் போய்விட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் பெரியவரின் அறையில் கூடினார்கள். மகன் கைகளைக் கட்டிக்கொண்டு அலமாரிப் பக்கம் நின்றான். பெயின்டர் உள்ளே வரத் தயங்கி நிலைப்படியோடு நின்றார். மகள்தான் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

அண்ணி அவசரப்படாமல் பேசினார். "புத்தகம் எதுவும் திருடு போகலை. ஒண்ணை எடுத்திருந்தா வரிசையில இடம் மிச்சம் இருக்கணும். இங்க இடம் பத்தாம கடைசிப் புத்தகம் மேல ஏறிப் படுத்திருக்கு. பெயின்டர் அடுக்கி முடிச்சு எடுத்த படத்துல எல்லாம் நிமிர்ந்து நிக்குது. அப்படின்னா அதுக்கப்புறம் யாரோ வலது பக்கமா தள்ளி இந்த இடத்தை உண்டாக்கியிருக்காங்க."

"யாரு?" என்றான் மகன்.

"உங்க அப்பா. யாரும் பாக்காதப்போ எழுந்து, ஒத்தைக் கையால."

அண்ணி தொடர்ந்தார். பெரியவருக்கு வார்த்தை மாறி வருகிறதே தவிர, கண்டபடி மாறுவதில்லை. தண்ணீர் இருக்கும் டம்ளர், விளக்கை எரியவைக்கும் சுவிட்ச், மகளுக்குப் பதில் மகன். எப்போதும் பக்கத்தில் இருப்பதுதான் வாயில் வருகிறது. குடை என்றால் குடை அல்ல, குடைக்குப் பக்கத்து வார்த்தையான மழைக்கோட்டு. சட்டையோ தோளிலும் முதுகிலும் மட்டும் நனைந்திருந்தது. தண்ணீர் தெளித்திருந்தால் முன்பக்கம் நனைந்திருக்கும். நனைந்த ஆள் ஒருவர் அவரைத் தோளோடு அணைத்துத் தூக்கியிருக்கிறார். மழையில்லாத நாளில், மழைக்கோட்டு போட்டுக்கொண்டு, சொட்டச் சொட்ட நிற்பவர் யார்?

"பஸ் கழுவறவங்க," என்றான் கொழுந்தன்.

அண்ணி தலையாட்டினார். "நீச்சல் புத்தகம் ஒருத்தர் காப்பாத்தினது. தையல் புத்தகம் இன்னொருத்தர் காப்பாத்தினது. நடுவுல இவர் மூணாவது ஆளுக்கு இடம் ஒதுக்கியிருக்கார். இத்தனை நாளா நம்மகிட்ட திருட்டைப் பத்தி சொல்லலை. அவங்களைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லிட்டிருக்கார்."

அண்ணி போய்க் கதவைத் திறந்தார். பணிமனையில் பஸ் கழுவும், ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், கையில் பிளாஸ்டிக் உறை சுற்றிய புத்தகத்தோடு உள்ளே வந்தார். பெரியவர் இடது கையை நீட்டினார். அந்த அம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னென்னவோ வார்த்தைகளைச் சொன்னார். எதுவும் பொருந்தவில்லை. யாருக்கும் புரியாமலும் இல்லை.

"ஆட்டோவுல போறப்பவும் புத்தகத்தை விடலைங்க," என்றார் அந்த அம்மாள் மகளிடம். "ஆஸ்பத்திரியில என் கையில கொடுத்துட்டார். நனையாம கோட்டுக்குள்ள வெச்சுக்கிட்டேன். மறுநாள் போனா வேற ஆஸ்பத்திரிக்கு மாத்திட்டாங்கன்னாங்க. பேர் தெரியாம எங்கன்னு போய்த் தேடறது? என்ன ஆனாரோன்னு நெனச்சிட்டே இருந்தேன்."

புத்தகத்தைப் பெரியவரின் மடியில் வைத்தார். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, சும்மா வைத்திருப்பானேன் என்று படிக்க ஆரம்பித்ததாகவும், பாலைவனத்தில் வழி தவறிய கூட்டம் ஊர் திரும்பியதா என்று இன்னும் தெரியவில்லை என்றும் சொன்னார். பெரியவர் சிரித்துக்கொண்டே புத்தகத்தை எடுத்து, அலமாரிப் பக்கம் திரும்பாமல், அந்த அம்மாளின் கையிலேயே திரும்ப வைத்து மூடினார். முடித்துவிட்டு வர வேண்டும் என்று விரலால் வாசலையும் நாற்காலியையும் மாற்றி மாற்றிக் காட்டினார்.

மகன் கட்டியிருந்த கைகளை இறக்கினான். பெயின்டர் முன்னால் போய் நின்று, "நான் பேசினது தப்பு. மன்னிச்சிருங்க," என்றான். அங்கேயே மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டு, யார் மேலும் குற்றமில்லை, அவசரப்பட்டது தான்தான் என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். பெயின்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாளைக்கு வரச் சொல்கிறாரா என்று மட்டும் கேட்டார். வரச் சொல்கிறார் என்றான் மகன்.

மகள் அண்ணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஆயுசுக்கும் பல் வலி வந்தால் என்னிடம்தான் வர வேண்டும் என்றார். கொழுந்தன் உடனே தன் கடைவாய்ப் பல்லைப் பற்றி ஆரம்பித்தான்.

பகல் வேலைக்கு நேரமாகிறது என்று அந்த அம்மாள் எழுந்தார். மகன் கார் சாவியை எடுத்துக்கொண்டு, "நான் கொண்டு விடறேன் அக்கா," என்றான். பெயின்டரையும் ஏறச் சொன்னான். அவர்கள் வாசலுக்குப் போனபோது பெரியவர் நாற்காலிக் கையை ஊன்றி எழுந்தார். மகள் தாங்கப் பாய்ந்தார். அவர் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, சுவரைப் பிடித்து, வலது காலை இழுத்து இழுத்து, தானாகவே நடந்து வாசல் வரை வந்தார். கார் தெரு முனை திரும்பும் வரை நிலையில் சாய்ந்து நின்று, தூக்கிய இடது கையை இறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.