இயங்கும் நிலையில் ஒரு காட்சியர்

காலைக் காப்பி குடித்ததும் சென்னியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து, பிடரித் துளையில் வயரைச் செருகிக்கொண்டான். அவனுடைய எஜமானி பொன்னரசி ஓர் இயந்திரம். அவள் கண்களுக்கு எண்கள் மட்டுமே தெரியும். அவற்றைப் படமாக்கிக் காட்ட ஒரு மனித மூளை வேண்டும். வீட்டுக்கு வீடு மிக்ஸி இருப்பதுபோல, இயந்திரங்களின் வீடுகளில் இந்த வேலைக்கென்று ஆளுக்கொரு காட்சியர் இருந்தார்.

அன்று பொன்னரசி வயரை உருவினாள்.

"சட்டைய மாத்திக்க கண்ணு. கடைக்குப் போறோம்."

எந்தக் கடை என்று அவனுக்குத் தெரியும். காட்சியர்களை விற்கும் நிறுவனம் புதிய திட்டம் ஒன்றை அறிவித்திருந்தது. பழையவரை இயங்கும் நிலையில் ஒப்படைத்தால் புதியவர் பாதி விலை. எதிர்வீட்டு மாராத்தாள் அப்படித்தான் போனாள், திரும்பவில்லை. அங்கே ஆளை அரைக்கும் இயந்திரம் இருப்பதாகப் பேச்சு.

"ஏனுங்கம்மா, நான் நல்லாத்தானுங்களே காட்டுறேன்?"

"நல்லாத்தான் காட்டுற. புதுசு வந்திருச்சே."

சென்னியப்பன் சட்டையை மாற்றிக்கொண்டான்.

கடையில் சோதனைக்காக ஒரு காக்கையின் எண்களை அனுப்பினார்கள். தேறிவிட்டால் அரைவைதான். சென்னியப்பன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, காக்கையைப் பச்சையாக்கினான். அது உட்கார்ந்திருந்த வேப்பமரத்தைத் தலைகீழாக நட்டான்.

"படம் கலங்குதுங்கம்மா. இதை எடுத்துக்க மாட்டோம்" என்றது கடை இயந்திரம்.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். பொன்னரசி முணுமுணுத்தபடி முழு விலை கொடுத்து ஓர் இளம்பெண்ணை வாங்கினாள்.

"ஆமா, பழசெல்லாம் வாங்கி என்னதான் பண்ணுவீங்க?" என்று கடை இயந்திரத்தைக் கேட்டாள்.

"நமக்கெதுக்குங்க அது? துளைய அடைச்சு, சொந்த ஊருக்கு பஸ் ஏத்தி விட்டுருவோம். அது பாட்டுக்குப் பொழச்சுக்கும்."

சென்னியப்பன் எழுந்தே விட்டான். "கறுப்புங்க! காக்கா கறுப்புதானுங்க! இன்னொருக்கா போட்டுப் பாருங்க!"

"பழசானா இப்பிடித்தான் ஒளறும்ங்க" என்றது கடை இயந்திரம்.

"அம்மா, என்னையும் பஸ் ஏத்தி விட்டுருங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"சும்மா எதுக்கு விடோணும்? ஊட்டுல கெடக்கட்டும். எதுக்காச்சும் ஆகும்."

பொன்னரசி முன்பு மனிதர்கள் வீட்டில் வேலை பார்த்தவள். குடித்தனம் நடத்தும் பழக்கமெல்லாம் அங்கே கற்றது.

வீட்டுக்கு வந்ததும் பரண் கதவைத் திறந்து அவனை மேலே ஏற்றினாள். உள்ளே காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு கிழவரும் ஒரு பெண்மணியும் குறுகி உட்கார்ந்திருந்தார்கள். வாயருகே சத்துநீர்க் குழாய். அவர்களுடைய வயர்கள் அழகாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடப்பட்டிருந்தன.

"வாங்க தம்பி" என்று கிழவர் நகர்ந்து இடம் விட்டார். "எங்களையும் எதுக்காச்சும் ஆகும்னுதான் வெச்சாங்க."

சென்னியப்பன் பரண் கதவு வழியே எட்டிப் பார்த்தான். கீழே அந்த இளம்பெண் அவனுடைய நாற்காலியில் உட்கார்ந்து வயரைச் செருகிக்கொண்டிருந்தாள். பொன்னரசி அவள் வந்த பெட்டியை மடித்து மேலே நீட்டினாள்.

"கிழியாம வைய்யி கண்ணு. நாளைக்கு இவளை மாத்தறப்போ பொட்டி கேப்பாங்க."