ஏழு முப்பத்திரண்டு மணிச் சண்டை

‘2061 ஜூலை 4, திங்கள். இன்று ஒரு சிறு பிழை செய்தேன். இசக்கியப்பன் மாமாவுக்கும் ஜெபரத்தினம் டீச்சருக்கும் பழக்கி ஒரே கொக்கிநேரத்தைக் காட்டியது: காலை 7.32. அந்த நேரத்தில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நேரில் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுக்க வேண்டும் என்பது விதி. வகுப்புக்கு நேரமாகிவிட்டதால் பார்க்காமலே கொடுத்துவிட்டேன். பெரிய தவறில்லை என்று நினைக்கிறேன். அப்படி நினைப்பதுதான் தவறோ என்றும் நினைக்கிறேன்.’

ஆவுடைச்செல்வி நாட்குறிப்பை மூடிவிட்டு, மறுபடி திறந்து, ‘சிறு’ என்ற சொல்லுக்கு மேல் ஒரு கேள்விக்குறி போட்டாள். பகலில் பாளையங்கோட்டைக் காய்கறிக் கடையொன்றில் எடைபோடும் வேலை. மாலையில், மற்றவர்களின் சாப்பாட்டுப் பழக்கத்தைத் திருத்தும் உணவொழுங்கர் ஆவதற்கான வகுப்பு. எதையும் இரண்டு தடவை நிறுத்துப் பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது.

பழக்கி வந்த ஆறு ஆண்டுகளில், ‘நாளையிலிருந்து கண்டிப்பாக’ என்று சொல்வதையே ஊரில் எல்லாரும் விட்டுவிட்டார்கள். கையில் கட்டிக்கொள்ளும் அந்தப் பட்டை பத்து நாள் நாடியைக் கவனிக்கும். ஒருவர் ஒரு நாளும் தவறவிடாத, உடம்பு முழுக்க விழித்துக்கொள்கிற ஒரு கணத்தைக் கண்டுபிடிக்கும். அதுதான் கொக்கிநேரம். அன்றாடம் நாடி அப்படி எகிறியதும் மணிக்கட்டில் பட்டை சிலிர்க்கும், பசி கிளம்பும், சமையலறையில் தானடுப்பு அவரவர் உடம்புக்கு ஏற்ற உணவைச் சுடச்சுட நீட்டும். தொண்ணூறு நாள் இது நடந்துவிட்டால் பழக்கம் ஊறிவிடும், பட்டையைக் கழற்றிவிடலாம். தபால் நிலைய எழுத்தர் ஒருவர் பக்கத்துக் கோயில் மணி அடித்ததும் கீரைக்கு ஏங்கினார். தொடர் நாடகத்தின் தொடக்க இசை கேட்டதும் கொய்யாப்பழம் தேடுகிறவர்கள் தெருவுக்கு நான்கு பேர் இருந்தார்கள்.

ஆவுடைக்குத் தேர்வுக்காக ஒதுக்கப்பட்டவர்கள் ஒரே வீட்டின் இரண்டு தளக்காரர்கள். கீழே இசக்கியப்பன், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். சர்க்கரை நோய். காலையில் எட்டு இட்லி, சீனி கூடுதலாகப் போட்ட காபி. வலது கால் சுண்டுவிரலில் இரண்டு மாதமாக ஆறாத புண். நாற்பது நாளில் சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மேலே ஜெபரத்தினம், ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். இரத்தச்சோகை. காலையில் ஒரு டீ, இரண்டு ரஸ்க், அதோடு சரி. ஒருவருக்குக் குறைக்க வேண்டும், இன்னொருவருக்குக் கூட்ட வேண்டும். நாற்பதாம் நாள் இருவரும் தேறினால் ஆவுடைக்குச் சான்றிதழ். ஆனால் சான்றிதழைவிட அந்தச் சுண்டுவிரல்தான் அவள் கனவில் வந்தது.

மூன்று வாரம் எல்லாம் தேர் மாதிரி ஓடியது. இசக்கியப்பன் குதிரைவாலி உப்புமாவைக் கேட்டு வாங்கித் தின்றார். டீச்சர் முருங்கைக்கீரை அடையும் அவித்த முட்டையும் முடித்துவிட்டு, “இன்னொரு அடை தாயேன்” என்று தானடுப்பைத் தட்டினார். சர்க்கரை இறங்கியது, இரத்தம் ஏறியது, புண்ணின் ஓரம் காயத் தொடங்கியது.

ஒரு ஞாயிறு மாலை எடை பார்க்கப் போனபோது இசக்கியப்பன் ஒரு குறை சொன்னார். மாடியில் டீச்சர் பூச்செடிக்கு ஊற்றும் தண்ணீர், கொடியில் காயும் அவருடைய வேட்டிமேல் சொட்டுகிறதாம். ஆவுடைக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளே கடையிலிருந்து ஆறு தட்டுகளைக் கொண்டுவந்து தொட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த மூன்று நாளும் சர்க்கரை ஏறியது. டீச்சர் ரஸ்க்குக்குத் திரும்பிவிட்டார்.

நாலாம் நாள் ஆவுடை காலை ஏழரைக்கே போய் முற்றத்தில் நின்றாள். மணி 7.32. டீச்சர் மேலே செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டு விழவில்லை. இசக்கியப்பன் அண்ணாந்து பார்த்தார்.

“என்ன டீச்சர், சத்தத்தையே காணும்?”

“தண்ணி சொட்டுனாத்தானவே நீரு கத்துவீரு. நீரு கத்துனாத்தான நான் கத்த முடியும்?”

இரண்டு மணிக்கட்டுகளும் சும்மா கிடந்தன.

“மாமா, தினமும் இந்த நேரத்துக்கு என்ன செய்வீங்க?”

“சண்டைதான் பிள்ள. ஒம்பது வருசமா. ஞாயித்துக்கெழமகூட லீவு கெடையாது.”

எழுபது வயதைத் தாண்டிய இரண்டு பேருக்கு உலகத்திலேயே உடம்பு முழுக்க விழித்துக்கொள்கிற கணம் அதுதான் என்று பழக்கி சரியாகவே கண்டுபிடித்திருந்தது. அதைத் தட்டு வைத்து அடைத்தவள் தான்தான் என்று ஆவுடை திக்கித் திணறி ஒப்புக்கொண்டாள். டீச்சர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“இதுக்காட்டீ மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க? சண்டைதான வேணும்? வாரும்வே, போடுவோம்.”

“டீச்சரம்மா, ஒங்க செடித் தண்ணியில எங்க வேட்டி மூணாந்தடவ குளிக்குது!” என்று இசக்கியப்பன் நாடகக்காரர் மாதிரி கையை நீட்டினார்.

“வேட்டி குளிச்சாச் சரி. நீரு எப்பக் குளிச்சீரு?”

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பட்டைகள் அசையவில்லை. பொய்க் கோபத்துக்கு நாடி எகிறாது. அதைப் பழக்கி அறியும். இசக்கியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “ஆனா நாங்கூட ஒண்ணு சொல்லணும் பிள்ள. பாவம், டீச்சரு ஒரு நாளும் எங்கிட்ட ஜெயிச்சதில்ல” என்றார்.

டீச்சரின் சிரிப்பு நின்றது.

“யாரு ஜெயிக்கல?”

“நீங்கதான்.”

“போன பொங்கலுக்குத் தண்ணி மோட்டார் சண்டையில வாயடைச்சுப்போயி உள்ள ஓடுனது யாருவே?”

“அடுப்புல பால் பொங்குச்சி, ஓடுனேன்!”

“பாலு! ஒம்ம வீட்டுல அன்னைக்குப் பாலே வாங்கல! எங்கிட்டதான் கடன் கேட்டு வந்தீரு!”

“நானா? ஓசிப் பாலுக்கு இந்த இசக்கியப்பன் மாடி ஏறுவானா?”

இரண்டு பட்டைகளும் ஒரே நேரத்தில் சிலிர்த்தன. “நாளைக்கு இருக்கு ஒமக்கு” என்று டீச்சர் உள்ளே பாய்ந்தார். அவர் வீட்டில் அடை சுடும் வாசனையும் கீழே உப்புமா வாசனையும் ஒன்றாகக் கிளம்பின. ஆவுடை படிக்கட்டில் உட்கார்ந்து, தனக்கும் பசிப்பதைக் கவனித்தாள்.

அதன் பிறகு ஒன்பது ஆண்டுச் சண்டைகள் ஒவ்வொன்றாக மறுவிசாரணைக்கு வந்தன. காலைக்கு ஒரு வழக்கு. ஒன்றிலும் தீர்ப்பு ஆகவில்லை. ஆகாததால் இருவரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். முப்பத்தொன்பதாம் நாள் மாலை மருத்துவர் புண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, விரலுக்கு இனி ஆபத்தில்லை, ஆனால் சர்க்கரை மறுபடி ஏறினால் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றார்.

நாற்பதாம் நாள் காலை கடைசி அளவு எடுக்க ஆவுடை போனபோது மணி 7.30. இசக்கியப்பன் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். ஒன்றைக் கொடுப்பதற்காக அவர் ஏறுவது ஒன்பது ஆண்டில் முதல் தடவை.

“டீச்சர், இந்தக் காலு ஒங்க வாயால பொழச்சது” என்றார். குரல் உடைந்தது. “பாலு நாந்தான் கடன் வாங்குனேன். எல்லாச் சண்டையிலயும் நீங்கதான் ஜெயிச்சீங்க.”

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. “அப்பிடிச் சொல்லாதிங்க அண்ணாச்சி. எம்மேலயும் தப்பு இருந்துச்சு.”

‘நீரு’ போய் ‘அண்ணாச்சி’ வந்ததைக் கேட்டதும் ஆவுடை மணிக்கட்டுகளைப் பார்த்தாள். 7.32. 7.33. 7.40. இரண்டும் சும்மா கிடந்தன. இருவர் உடம்பையும் தேற்றிய சண்டையே நன்றியாகி, நன்றி அந்தச் சண்டையைத் தின்றுவிட்டது. பாடப்புத்தகத்தில் இதற்கு அத்தியாயம் இல்லை.

“இன்னும் அம்பது நாள் இருக்கு மாமா!”

“இனிமே என்ன பிள்ள, எங்க மனசு சுத்தமாயிட்டு” என்றார் இசக்கியப்பன் பெருமையாக. “டீச்சர், முக்குக் கடையில ஆமவட போடுதான். வாங்கியாரட்டா?”

“எனக்கு டீ மட்டும் போதும் அண்ணாச்சி.”

ஆவுடை விடவில்லை. மோட்டாரைப் பற்றிக் கேட்டாள், மாடிப்படியைப் பற்றிக் கேட்டாள், வாசல் விளக்கை யார் அணைப்பது என்று கேட்டாள். “அண்ணாச்சி சொல்லுதபடி” என்றார் டீச்சர். “டீச்சர் எப்படிச் சொன்னாலும் சரி” என்றார் இசக்கியப்பன். தேர்தலில் யாருக்கு ஓட்டு என்று கேட்டுப் பார்த்தாள். இருவரும் ஒரே கட்சி.

‘2061 ஆகஸ்ட் 12, வெள்ளி. தேர்வில் தேறிவிட்டேன். மகிழ்ச்சிதான். ஆனால் இருவரும் இன்று காலை முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இது இப்படியே போனால் விரல் போய்விடும். நாளை காலை 7.32-க்குள்: இவர்கள் எந்தக் காலத்திலும் ஒத்துப்போக முடியாத விஷயம் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுபோக வேண்டும்.’