கழற்றிய கையுறை

கணவருக்கு அவள் காலையில் மாற்றிய கழிவுப் பை மாலைவரை காலியாகவே இருந்தது. அறுவை செய்து வயிற்றின் இடப்பக்கம் திறந்துவிட்ட குடல்வாயின் மேல், துளி ஈரமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையும் மதியமும் மூக்குமுட்டச் சாப்பிட்டவர்!

ஆனால் வாடை மட்டும் இருந்தது. சமையலறை மேடையில், அவள் மடித்துவைத்த துணியில், அவள் தலையணையில், சோப்பு போட்டுக் கழுவிய தண்ணீர்க் குழாயின் பிடியில்கூட அந்தப் புளித்த வாடை அவளுக்கு முன்னால் போய்க் காத்திருந்தது. வலது உள்ளங்கை வேறு ஓயாமல் அரித்தது.

"உள்ளங்கை அரிச்சா பணம் வரும்டி," என்று சிரித்தார்.

அவர் சிரிப்பைப் பார்க்கத்தானே அத்தனை பாடும். குடல் புற்றுநோய் முற்றிவிட்டது என்று எல்லோரும் கைவிரித்த பிறகு, மரபணு சிகிச்சையைச் சொன்னார் மருத்துவர். பழக்கிய கிருமியின் மேல் புது மரபணுவை ஏற்றி உடம்புக்குள் அனுப்புவார்களாம். நர்ஸ் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அந்தக் கிருமி கழிவுல வெளிய வரும். கையுறை இல்லாம பையைத் தொடாதீங்கம்மா."

தொடாமல்தான் இருந்தாள். ஒருநாள் அவர் அழுதார். "கட்டின பொண்டாட்டியே ரப்பரை மாட்டிட்டுத் தொடுறியே, நான் என்ன பொணமா?"

அவளால் தாங்க முடியவில்லை. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுங்கையால் துடைத்துவிட்டாள். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான்.

கட்டி கரைந்தது. மருத்துவர்களே வாயைப் பிளந்தார்கள்.

இப்போது விளக்கடியில் கையை விரித்தாள். நடுவில் ஒரு சிவப்பு. ஈரம். சுற்றிலும் சின்னச் சின்ன மடிப்பு. அவர் வயிற்றில் தினமும் துடைத்த அதே குடல்வாய். அது மெல்லச் சுருங்கியது. விரிந்தது.

"ஏங்க... இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தார். நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். முகத்தில் பரிதாபம் இல்லை, அருவருப்புதான் இருந்தது.

"கிட்ட வராத. போய்க் கையுறைய மாட்டிட்டு வந்து சோறு போடு."

மாட்டிக்கொண்டாள். பரிமாறினாள். அவர் முதல் கவளத்தை விழுங்கினார்.

உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கியது.

இன்னொரு கவளம். ரப்பர் லேசாக உப்பியது. இன்னொன்று. விரல்நுனிவரை நிரம்பியது.

"பசி அடங்கவே மாட்டேங்குது," என்றார், தட்டை அவள் பக்கம் தள்ளி. "இன்னும் போடு."