பாஸ்போர்ட்டில் வைத்த சிவப்பு அட்டை

காலை 11.50. பிஷ்கெக் நகர மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில், சன்னலோர பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாய்ராகுல் பக்கவாட்டில் சரிந்தாள். ரத்த அழுத்தம் எழுபது. உடம்பு அனலாய்க் கொதித்தது. பெயரைப் பதிந்த நேரம் 9.10. இரண்டு மணி நாற்பது நிமிடம் யாரும் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கீமோ எடுக்கிறவங்கள இவ்வளவு நேரமா உக்கார வெச்சிருக்கீங்க?" அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு மகன் நூர்தின் கத்தினான். அவளுக்குப் புற்றுநோய் என்பதே மருத்துவமனைக்கு அப்போதுதான் தெரிந்தது. கீமோ எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து ஏற வேண்டும். அதைச் சொல்வதற்கென்றே புற்றுநோய்ப் பிரிவு சிவப்பு அட்டை கொடுக்கிறது. அந்த அட்டையைக் காணோம்.

"பதிவு மேசையில இருந்த மாக்சாத் தொலைச்சிருந்தா, இன்னைக்கே அவன் வீட்டுக்குப் போகலாம்," என்றார் இயக்குநர். விசாரிக்கும் வேலை தலைமைச் செவிலி கனிகேயிடம் வந்தது. நான்கு மணிக்குள் பதில் வேண்டும்.

12.40. நூர்தின்.

"அட்டை எங்க இருந்துச்சு?"

"என் பர்ஸுல. கிளம்பறப்ப, பதிவுக்கு எப்படியும் காட்டணுமேன்னு அம்மா பாஸ்போர்ட்டுக்குள்ள வெச்சேன்."

"வாயால சொல்லியிருக்கலாமே?"

"அம்மா பக்கத்துலயே நின்னாங்க. அவங்களுக்குத் தெரியாதுங்க. ரத்தசோகைக்கு ஊசின்னு சொல்லி வெச்சிருக்கோம். அட்டையில இருக்கிற ஒரு வரியக்கூட அவங்க காதுல போட்டதில்ல."

"பாஸ்போர்ட்ட மேசையில நீட்டினது யாரு?"

"அம்மாதான். அட்டையப் பாத்திருப்பாங்க, இதோ கூப்பிடுவாங்கன்னு உக்காந்திருந்தேன்." அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

1.15. மாக்சாத். பன்னிரண்டு வருடமாக அதே மேசை.

"உள்ள ஒண்ணுமே இல்லக்கா. என் புள்ளைங்க மேல சத்தியம். சளிக்காய்ச்சல் சீசன், முப்பது பேர் நின்னாங்க. இதுவும் அதுன்னு எழுதிட்டேன்."

"அந்தம்மா எப்படி இருந்தாங்க?"

"ஒரு மாதிரி ஆளுக்கா. ஹீட்டர் பக்கம் இடமிருக்கு, குளிர்ற சன்னல் மூலையில போய் உக்காந்தாங்க. இருமிக்கிட்டே ஒரு குழந்தை வந்துச்சு, எழுந்து தள்ளிப் போயிட்டாங்க. யாரோ ஆப்பிள் குடுத்தாங்க, 'தோலோட வேணாம்மா'ன்னு திருப்பிட்டாங்க. மகாராணின்னு நினைப்புபோலன்னு சிரிச்சேன்."

கனிகேயின் பேனா நின்றது. புற்றுநோய்ப் பிரிவிலிருந்து இன்னொரு சிவப்பு அட்டையை வாங்கி வரச் சொன்னாள். பின்பக்கத்தில் மூன்று வரிகள்: கூட்டத்தைத் தவிர்க்கவும். இருமுபவர் அருகில் இருக்க வேண்டாம். தோல் சீவாத பழம் கூடாது.

அவள் மாக்சாத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

3.30. மருந்து ஏறியிருந்தது. சாய்ராகுல் கண் விழித்திருந்தாள். கனிகேய் கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலருகில் உட்கார்ந்தாள்.

"அட்டைய எடுத்தது நீங்கதானம்மா."

சாய்ராகுல் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"ரத்தசோகைக்காரங்க யாரும் தோல் சீவாத பழத்துக்குப் பயப்பட மாட்டாங்க. ஒவ்வொரு வரியா அட்டைப்படியே நடந்திருக்கீங்க. மேசைக்குப் போறதுக்குள்ள எடுத்துட்டீங்க. எங்க வெச்சீங்க?"

"பூட்ஸுக்குள்ள." உதடு வறண்டிருந்தது. "மூணு மாசம் முன்னாடி எம்புள்ள பர்ஸுல பாத்தேன். படிச்சுட்டு இருந்த இடத்துலயே வெச்சுட்டேன்."

"செத்துப் போயிருப்பீங்க."

"மேசையில இருந்த அந்த ஆளு சத்தமாப் படிச்சிருப்பான். எனக்குத் தெரியும்னு எம்புள்ளைக்குத் தெரிஞ்சுபோகும். எனக்குத் தெரியாதுங்கற ஒரே தைரியத்துலதான் அவன் நடமாடுறான், பொண்ணே."

கனிகேய் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நீங்க வாயத் திறக்கலைன்னா மாக்சாத்துக்கு வேலை போயிடும்மா."

சாய்ராகுல் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பிறகு, "எம்புள்ளயக் கூப்பிடு," என்றாள்.

நான்கு மணிக்குக் கனிகேய் கொடுத்த அறிக்கையில் குற்றவாளி என்று எந்தப் பெயரும் இல்லை. அட்டையை எடுத்தது நோயாளி. ஆனால் தாயையும் மகனையும் அருகருகே நிறுத்திக் கேள்வி கேட்டது நாம். இனி ஒவ்வொரு நோயாளியையும் திரைக்குப் பின்னால் தனியாக அழைத்து, கடந்த ஆறு வாரத்தில் ஏதாவது மருந்து ஏற்றினார்களா என்று கேட்க வேண்டும். அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும். மறுநாள் காலையே மாக்சாத் தன் கையால் திரையை மாட்டினான்.

விசாரணை நடந்த அன்று மூன்றே முக்காலுக்கு நூர்தின் சிரித்த முகத்தை வரவழைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "ஒண்ணுமில்லம்மா, ரத்தம் கொஞ்சம் கம்மியாம்..."

"உக்காருடா," என்றாள் சாய்ராகுல். "டாக்டர் உங்கிட்ட என்னைக்குச் சொன்னாரு? அன்னைக்கு நீ சாப்பிட்டியா?"