தோண்டாத கட்டம்

காலை பதினொரு மணிக்கு அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். தோளில் வரைபலகை, பையில் கட்டம் போட்ட தாள்கள், பென்சில் டப்பா. எந்த அகழாய்வுக்குப் போனாலும் கொண்டுபோகும் அதே சாமான்கள்தான். இந்த முறை இடம் மட்டும் வேறு. மாடியில் இருந்த ஓர் அறை.

அண்ணன் தோண்டுகிறவன். அவன் தோண்டியதை வரைகிறவள் நான். பன்னிரண்டு வருஷமாக ஒரே குழுவில் இருக்கிறோம். குழியில் வேலை செய்கிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் மாமியார். யார் கால் வைத்தாலும் குற்றம், யார் பிரஷ் பிடித்தாலும் குற்றம். அப்படிப்பட்டவன் அன்று வாசலில் நின்று என் பையை வாங்கிக்கொண்டான். சாப்பிட்டாயா என்று கேட்டான். எனக்கு அதுவே பயமாக இருந்தது.

அந்த அறை அவன் மகளுடையது. அவளை நாங்கள் பெருச்சாளி என்று கூப்பிடுவோம். பூந்தொட்டி, மணல் குவியல், சோற்றுத் தட்டு, எதைக் கண்டாலும் குடைந்து பார்ப்பாள். ஆறு வயதில் காய்ச்சல் வந்து, அப்பாவின் தோளில் தூங்கியபடியே அந்த அறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்றாம் நாள் அண்ணனும் அண்ணியும் மட்டும் திரும்பி வந்தார்கள். அன்றைக்கே அண்ணன் அறையைப் பூட்டினான். எதுவும் கலையக் கூடாது என்றான். நல்ல மண்ணடுக்கு ஒன்று கிடைத்தால், ஆட்கள் மிதிக்காமல் இருக்க நாங்கள் செய்வதும் அதுதான்.

இரண்டு வருஷம் போனது. பூட்டிய கதவைத் தாண்டித் தாண்டி இனிமேல் குளிக்கப் போக முடியாது என்று அண்ணி தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். அறையைக் காலி செய்தால் வருவதாகச் சொல்லியிருந்தார். செய்யாவிட்டால் என்ன என்பதைச் சொல்லவில்லை.

"பெருக்கித் தள்ளச் சொல்றா," என்றான் அண்ணன். "பிள்ளை இருந்த இடத்தை விளக்குமாத்தாலயா பெருக்குறது? செஞ்சா முறையா செய்யணும். நீ வரைஞ்சு கொடு."

வீடு பெருக்குவதற்கு வரைபடம் கேட்கிற முதல் ஆள் நீதான் என்று கேலி செய்தேன். அவன் சிரிக்கவில்லை. சாவியை என்னிடம் நீட்டினான். நான்தான் திறந்தேன்.

உள்ளே பழைய காகித வாசனையும், கொஞ்சம் பவுடர் வாசனையும். பக்கத்தில் கல் அறுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதிலிருந்து கிளம்பும் வெள்ளைத் தூசி சன்னல் இடுக்கு வழியாக வந்து, இரண்டு வருஷத்தில் தரை முழுவதும் மெல்லிய துணி விரித்ததுபோல் படிந்திருந்தது. அதில் ஒரு கோடுகூட இல்லை. உச்சி வெயிலில் அப்படித்தான் தெரிந்தது.

நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம். நூல் கட்டிப் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்தோம். வரிசைக்கு மூன்று, நான்கு வரிசை. முதல் வரிசை கதவோரம், கடைசி வரிசை மேற்குச் சன்னலோரம். கடைசி வரிசையில் இரண்டு கட்டங்களின் மேல் அவள் கட்டில் நின்றது. வாசலில் நின்று அண்ணன் நாற்பது படங்கள் எடுத்தான். பிறகு கதவுப் பக்கமிருந்து தொடங்கினோம். எடுக்காத அடுக்கின் மேல் கால் படக்கூடாது. அதனால் எப்போதும் நுழைகிற பக்கமிருந்துதான் தொடங்குவோம். அதுதான் முறை. அதில் மறுயோசனைக்கு இடமே இருக்கவில்லை.

முழங்காலிட்டு, அரை அங்குலப் பிரஷால் தூசியை ஒதுக்கி, கட்டத்துக்கு ஒரு பையில் போட்டுச் சீட்டு எழுதினான். தூசிக்கு அடியில் கிடைத்ததையெல்லாம் நான் வரைந்து எண் போட்டேன். எண் மூன்று, தலைமுடி சிக்கிய ஒரு கிளிப். எண் ஒன்பது, சட்டைப் பொத்தான். எண் பதினான்கு, பச்சை கிரேயான், நுனியில் பல் தடம். அதை எழுதும்போது அண்ணன் எழுந்து மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். நான் பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன். சீவ வேண்டிய அளவுக்கு மேல் சீவினேன்.

தினமும் ஒரு மணிக்குப் பட்டறையில் ரம்பம் நிற்கும். சாப்பாட்டு நேரம். காதுக்குள் திடீரென்று ஒரு பள்ளம் விழுந்ததுபோல் இருக்கும். இரண்டாம் நாள் அந்த அமைதியில் ஒரு சத்தம் கேட்டது.

வெறும் பாதம் தரையில் உரசுகிற சத்தம்.

அண்ணனைப் பார்த்தேன். அவன் பிரஷ் அந்தரத்தில் நின்றிருந்தது. எலியாக இருக்கும் என்றான். நானும் ஆமாம் என்றேன்.

மூன்றாம் நாள் மாலைக்குள் மூன்று வரிசைகள் முடிந்துவிட்டன. ஒன்பது கட்டங்கள், ஒன்பது பைகள். கடைசி வரிசையை மறுநாளுக்கு வைத்துவிட்டுக் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். வெயில் இறங்கி, சன்னல் வழியாகத் தரையை ஒட்டிச் சாய்வாக உள்ளே வந்தது.

எங்கள் தொழிலில் தெரியாததைப் பார்க்க வெளிச்சத்தைச் சாய்ப்போம். தேய்ந்த எழுத்து, அழிந்த உழவுச்சால், எதுவானாலும் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் கட்டி எழும்பிவிடும்.

எழும்பியது.

கடைசி வரிசையில் கட்டில் மறைக்காமல் மிச்சமிருந்த ஒரே கட்டத்தில், தூசியின் மேல், சிறிய பாதங்கள்.

கட்டிலிலிருந்து இறங்கிக் கதவை நோக்கி வந்திருந்தன. நாங்கள் தோண்டி முடித்த இடத்தின் விளிம்பில், கத்தியால் நறுக்கியதுபோல் நின்றுபோயிருந்தன. கடைசித் தடத்தில் விரல்கள் இல்லை. விரல்கள் இருந்த இடத்தைக் காலையில் நாங்கள் பையில் போட்டிருந்தோம்.

அண்ணன் கேமராவை எடுத்தான். முதல் நாள் எடுத்த படங்களைப் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தான். நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்றேன்.

படத்தில் எல்லாம் இருந்தது. கட்டிலிலிருந்து கதவு வரை ஒரு தடம். ஒருமுறை நடந்தது அல்ல. வயல் வரப்பைப்போல் நடந்து நடந்து பதிந்த பாதை. கதவுக்கு உட்புறம், கீழ்ச்சட்டத்தை ஒட்டி, மற்ற இடத்தைவிடத் தூசி மெலிந்த ஒரு வட்டம். அதைச் சுற்றி நூற்றுக்கணக்கான பாதங்கள். எல்லாவற்றின் விரல்களும் கதவைப் பார்த்து.

பூட்டிய கதவுக்குப் பின்னால் இரண்டு வருஷம் நின்றிருக்கிறாள்.

மனிதர் வாழ்ந்த தரையை வெறும் மண்ணிலிருந்து பிரித்துச் சொல்லத் தெரிந்தவன் என் அண்ணன். மாணவர்களுக்கு அவன் முதல் வகுப்பில் சொல்வது ஒன்றுதான்: ஒன்றைத் தெரிந்துகொள்ள நாம் அதையே அழிக்கிறோம், எந்தக் குழியையும் இரண்டாம் முறை தோண்ட முடியாது. அதைக் கேட்டுப் பயந்து வேலையை விட்டுப் போன பையன்கள்கூட உண்டு. இப்போது அவன் தரையில் உட்கார்ந்து, கதவோரக் கட்டத்தின் பையை மடியில் வைத்திருந்தான்.

"இதுதான் அவ நின்ன இடம்," என்றான். "கால் கிலோகூட இல்ல."

அன்று கதவைத் திறந்தே வைத்தோம். மறுநாள் காலை டார்ச்சைத் தரையோடு தரையாக வைத்துப் பார்த்தேன். தோண்டாத கட்டத்தில் புதிய தடங்கள். விளிம்பு வரை வந்து, திரும்பி, மறுபடியும் விளிம்பு வரை வந்திருந்தன. திறந்த கதவு நான்கு எட்டு தூரத்தில் இருந்தது. அவள் ஒரு எட்டுகூடத் தாண்டவில்லை.

அண்ணன் பைகளைப் பிரித்தான். அந்தந்தக் கட்டத்தின் தூசியை அந்தந்தக் கட்டத்திலேயே டீ வடிகட்டியால் சலித்துத் தூவினான். ஒரு நாள் முழுவதும் தூவினான். பார்வைக்குத் தரை பழையபடி ஆகிவிட்டது. ஐந்து நாள் காத்திருந்தோம். தூவிய தூசியில் ஒரு பல்லியின் தடம் விழுந்தது. வேறெதுவும் விழவில்லை.

ஆறாம் நாள் அண்ணிக்குப் போன் செய்து, வந்து பார் என்று மட்டும் சொன்னான்.

அண்ணி வந்து வாசலில் நின்றார். நான் டார்ச்சைச் சாய்த்தேன். அவர் அழவும் இல்லை, இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று கேட்கவும் இல்லை. அந்தப் பாதங்களை வெகுநேரம் பார்த்தார். இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளம். அது அண்ணியிடமிருந்து வந்த பாதம்.

"கதவு திறந்துதானே இருக்கு," என்றார். "ஏன் வரல?"

"வழிய நாங்க எடுத்துட்டோம்," என்றான் அண்ணன்.

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எந்தத் தாளிலும் வரைய மாட்டேன்.

பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தூசி கலையாமலிருக்க நாங்கள் செங்கல் வைத்துப் போட்டிருந்த நீளப் பலகையின் மேல் மெதுவாக நடந்துபோனார். விளிம்பைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டிருந்த பலகை நுனியில் முழங்காலிட்டார். கட்டத்தின் மேல் இரண்டு கைகளையும் நீட்டினார். குழந்தையை வாங்கிக்கொள்கிறவர்கள் நீட்டுவதுபோல்.

"தூக்குறேன், வா. தரையில கால் வைக்காத. அம்மா தூக்கிக்கிறேன்."

பட்டறை ரம்பம் நின்றது.

நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு அண்ணியின் தோள்கள் லேசாகக் கீழே இறங்கின. முழங்கை மடிந்தது. ஒரு கை தானாக மேலேறி, எதையோ பின்புறமாகத் தாங்கிக்கொண்டது. கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து இடம் கொடுத்தார்.

பவுடர் வாசனை திடீரென்று கூடியது.

மிக மெல்ல எழுந்து திரும்பினார். கண்களை மூடியிருந்தார். பலகையில் ஓர் எட்டு வைத்தார்.

கைகள் சட்டென்று மேலே எழும்பின. நிறைந்த குடம் என்று நினைத்து வெறும் குடத்தைத் தூக்கியவர் கைகளைப்போல. அண்ணி நிலை தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கனமா இருந்தா," என்றார். "இருந்தா. இந்த இடத்துல வந்ததும் இல்ல."

கீழே பார்த்தேன். அவர் நின்றிருந்தது விளிம்புக்கு இந்தப் பக்கம், நாங்கள் தோண்டிய கட்டத்தின் மேல்.

பின்னால், கட்டத்துக்குள், தூசி மெல்லச் சரிந்தது. யாரோ மறுபடியும் கீழே நின்றதுபோல், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பாதங்கள் நிதானமாக அழுந்தின. முதலில் குதிகால். அப்புறம் விரல்கள்.

அதன் பிறகு அண்ணி அக்கா வீட்டுக்குப் போகவில்லை. அண்ணன் கடைசி வரிசையைத் தொடவில்லை. மதியம் ரம்பம் நிற்கும்போது அண்ணி பலகையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார் என்று கேள்விப்பட்டேன். இன்றைக்கு என்ன சமையல், தெருவில் யார் வீடு மாறிப் போனார்கள், அப்பா எங்கே கண்ணாடியைத் தொலைத்தார் என்பதெல்லாம். தூக்குவதற்கு அவர் மறுபடி முயன்றாரா என்று நான் கேட்கவில்லை.

மாதம் ஒருமுறை போய்க் கட்டத்தை வரைகிறேன். அண்ணன்தான் கேட்டுக்கொண்டான். முதல் மாதம் பாதத்தின் நீளம் பதினேழு சென்டிமீட்டர். ஏழு மாதம் கழித்துப் பதினெட்டு. நான் தப்பாக அளந்தேன் என்று மாமியார் அளவுகோலைப் பிடுங்கிக்கொண்டான். மூன்று தடவை அளந்தான். தூசி சரிந்தால் தடம் பெருகும் என்றான். அகலம் ஏன் அதற்கேற்றபடி சீராகக் கூடியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

"எட்டரை வயசுக்கு அவ்வளவு இருக்கும்," என்றார் அண்ணி கதவுப் பக்கமிருந்து.

நேற்றுப் போயிருந்தேன். பதினெட்டரை. அண்ணி கடைக்குப் போயிருந்தார், அண்ணன் கீழே இருந்தான். நான் தனியாக டார்ச்சைச் சாய்த்தேன். கட்டம் முழுக்க மிதிபட்டு, தனித்தனியாக வரைய முடியாதபடி தடத்தின் மேல் தடம். ஓரமாக ஒரு ஜோடி மட்டும் தெளிவாக இருந்தது. இரண்டு பாதங்களும் ஒட்டி, ஆழமாக, வெகுநேரம் நின்றது தெரியும்படி.

அவை சன்னலோரச் சுவரைப் பார்த்து நின்றிருந்தன. டார்ச்சை மேலே உயர்த்தினேன். சுவரில் படிந்திருந்த வெள்ளைத் தூசியில், என் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரு நெற்றி சாய்ந்த அளவுக்குச் சுத்தமான ஒரு வட்டம்.

கதவைப் பார்த்த தடம் ஒன்றாவது இருக்கிறதா என்று மாலை வரை தேடினேன்.