வந்த வாயைத் திருப்பாதே

மேல்தாடையில் பதினான்கு பல் என்று திரையின் இடது ஓரத்தில் இருந்த எண் சொன்னது. அவள் எண்ணியபோது பதினைந்து வந்தது.

முட்டை எண்ணுகிறவள் போல இரண்டிரண்டாக, விரலால் திரையைத் தொட்டு, மறுபடி எண்ணினாள். ஏழு ஜோடி. ஒன்று மிச்சம். மிச்சம் வரிசையில் நிற்கவில்லை. அண்ணத்தின் நடுவில், வரிவரியாக மடிந்த அந்த இளஞ்சிவப்பு மேட்டில், அழைக்காமல் வந்து கூடத்தில் கால் நீட்டிவிட்ட விருந்தாளி மாதிரி ஒரு கடைவாய்ப்பல் உட்கார்ந்திருந்தது.

அது ஒரு பல் லேப். இரும்புக்கடைக்கு மேல் மாடி, ஜன்னல் இல்லாத நீள அறை, மூன்று டியூப்லைட். இங்கே மனிதர்கள் வருவதில்லை, அவர்களுடைய வாய் மட்டும் வரும். முன்பெல்லாம் மாவில் அச்செடுத்து அனுப்புவார்கள்; இப்போது கிளினிக்கில் ஒரு கேமராக் குச்சியை வாய்க்குள் விட்டு நாலு சுற்று சுற்றி, அதை ஃபைலாக மெயிலில் தள்ளிவிடுகிறார்கள். அவள் அதைத் திறந்து, உடைந்த பல்லுக்கு மேல் கேப் வரைந்து, அதைச் செதுக்கும் மில்லிங் மெஷினுக்கு அனுப்புவாள். ஃபைல் நல்ல கலரில் இருக்கும். எச்சிலின் பளபளப்பு, நாக்கில் படிந்த வெள்ளை, ஈறு ஓரத்துக் காவிக்கறை, பல்லிடுக்கில் தொங்கும் நேற்றைய இறைச்சி நார், எல்லாம் உள்ளது உள்ளபடி. ஒன்பது வருஷம். அருவருப்பு மரத்துப்போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

ஆனால் இந்தப் பல்லைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். அது ஈறில் முளைத்திருக்கவில்லை. கவிழ்ந்து கிடந்தது. மூன்று வேர்களும் மேலே நீட்டிக்கொண்டு, ஒரு வேரில் சிவப்பாக ஏதோ நூல் போல ஒட்டிக்கொண்டு. மஞ்சள் பல். பக்கவாட்டில் தலைமுடி மாதிரி ஒரு பழுப்புக் கீறல்.

அந்தக் கீறலை அவளுக்குத் தெரியும். நேற்றுக் காலையில் பார்த்தாள். வேறொருவர் வாயில்.

நேற்று ஏதோ ஒரு புது கிளினிக்கிலிருந்து ஒரு கீழ்த்தாடை வந்தது. திறக்கும்போது சாஃப்ட்வேர் கேட்டது: ‘சொன்ன அளவைவிட உள்ளே அதிகம் இருக்கிறது. தொடரலாமா?’ பாதி கிளினிக்குகளின் ஸ்கேனர் ஓட்டை உடைசல். ஒரு நாளைக்கு நாற்பது முறை இப்படிக் கேட்கும், நாற்பது முறையும் ‘ஆம்’ என்று தட்டுவாள். தவிர, முதலாளியின் சட்டம் ஒன்று சுவரில் எழுதாத குறையாக இருந்தது. “வந்த வாயைத் திருப்பாதேம்மா. நாம திருப்பினா அது எதிர்க்கடையில போய் மெல்லும்.” திறந்து பார்த்தாள். உடைந்த பல் எதுவும் இல்லை, கேப் எதற்கு என்றும் எழுதவில்லை. தவறி அனுப்பியிருப்பார்கள் என்று மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள்.

அடுத்த வேலை, தங்கையின் பல்.

இரண்டு வருஷம் முன்பு வண்டியிலிருந்து விழுந்து தங்கைக்கு முன்பல் பாதியாகப் போனது. அன்றிலிருந்து சிரிக்கும்போதெல்லாம் கை தானாக வாய்க்கு வந்துவிடும். நகைச்சுவைக்குக்கூட இருமுகிறவள் மாதிரி சிரிப்பாள். அந்தக் கேப்பை வேறு யாரையும் தொடவிடாமல் அக்காவே வரைந்தாள், நேற்று மதியம், இதே கம்ப்யூட்டரில். ராத்திரி முழுக்க உலையில் வெந்து, காலையில் கிளினிக்குக்குப் போய்விட்டது. பன்னிரண்டு மணிக்குப் பொருத்துகிறார்கள்.

இப்போது மணி பதினொன்றே கால்.

அண்ணத்தில் கிடந்த பல்லைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். எண் பதின்மூன்றாக இறங்கியது. பல் அங்கேயே இருந்தது. காணாமல் போனது முன்வரிசையில் ஒரு நல்ல பல். அது இருந்த இடத்தில் ஈரமான ஒரு குழி.

சேமிக்காமல் மூடினாள். அடுத்த ஃபைல், பல வருஷப் பழக்கமான கிளினிக், ஒரு அம்மாளின் கீழ்த்தாடை. நாக்கின் மேல் இரண்டு பற்கள், கொப்புளத்தைக் கிழித்துக்கொண்டு வந்தவை போல, சுற்றிலும் வெளிறிய சதை. அதற்கடுத்த வாயில் நான்கு. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று கூவி விற்கிற சரக்கு எப்போதும் கெட்டுப்போன சரக்காகத்தான் இருக்கும். நான்கிலும் அந்தப் பழுப்புக் கீறல்.

பின்னால் பிளாஸ்டர் மேசையிலிருந்து மாவண்ணன் குரல் கொடுத்தார். தலை முதல் கால் வரை எப்போதும் வெள்ளைப் பொடியோடு திரிவதால் அந்தப் பெயர். “என்ன பல்லக்கா, மூஞ்சியைப் பார்த்தா உங்களுக்கே பல்லு பிடுங்கின மாதிரி இருக்கு?”

“அண்ணே, ஏதாவது நாத்தம் வருதா?”

“இந்த ரூம்ல எது நாத்தம், எது வாசனைன்னு எனக்கு எப்பவோ மறந்துபோச்சு,” என்றார்.

அவள் கம்ப்யூட்டர்க்காரருக்குப் போன் செய்தாள். லேபின் சிஸ்டங்களைப் பார்த்துக்கொள்பவர். புது வெர்ஷன் போடுங்கள் என்று மூன்று வருஷமாகக் கேட்டுக் கேட்டு, முதலாளியிடம் பேரம் படியாமல் ஓய்ந்துபோனவர். அவள் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

“தெரியாதவங்க அனுப்பினதை எதுக்குக்கா திறந்தீங்க?”

“தெரியாத வாயைத்தானே நான் நாள் முழுக்கத் திறக்கறேன்?”



“சரி, இப்படிப் பாருங்க. மூட்டை மேல பதினாலுன்னு சீட்டு ஒட்டியிருக்கு. உங்க பழைய சாஃப்ட்வேர் சீட்டை நம்பி பதினாலுக்கு இடம் ஒதுக்கும். அப்புறம் மூட்டையைக் கவுத்துடும். உள்ள அதிகம் இருக்குன்னு தெரிஞ்சாலும், நீங்க ‘ஆம்’னு தட்டிட்டா நிறுத்தாது. பதினஞ்சாவதுல இருந்து கொட்டறதெல்லாம் பக்கத்து அறைக்குப் போயிடும்.”

“பக்கத்து அறையில என்ன இருக்கும்?”

“எது வேணா இருக்கும். அடுத்து நீங்க திறந்த வாய். மில்லிங் மெஷினுக்குப் போற உத்தரவு. வேற எது பக்கத்துல இருக்கோ அது.” குரல் தாழ்ந்தது. “சும்மா கெட்டுப்போன ஃபைலா இருந்தா சாஃப்ட்வேர் அங்கேயே படுத்துக்கும்கா. படுக்காம ஓடுதுன்னா, அனுப்பினவன் பக்கத்து அறையை முன்னாடியே அளந்து வச்சிருக்கான். எதை எங்க கொட்டணும்னு அவனுக்குத் தெரியும். மெஷினை அணைங்க. நேத்துல இருந்து அதுல செஞ்ச எதையும் யார் வாயிலயும் வைக்கவிடாதீங்க.”

தங்கைக்குப் போட்ட போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. கிளினிக்கின் போன் பிஸியாகவே இருந்தது.

கம்ப்யூட்டரை அணைத்தாள். அணைக்க முடியாமல் போனது மில்லிங் மெஷினைத்தான். அணைக்கப் போனபோது முதலாளி தன் கண்ணாடி அறையிலிருந்து பாதி உடம்பை மட்டும் வெளியே நீட்டினார். “ஏம்மா, மூணு கிளினிக் வாயைப் பிளந்துட்டு உட்கார்ந்திருக்கு. ஓடற மெஷினை நிறுத்தறதும் வர்ற ஆளை நிறுத்தறதும் ஒண்ணு.”

“சார், இது வேற மாதிரி.”

“எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கறாங்க,” என்று உள்ளே போனார்.

மெஷினின் சின்னக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். வழக்கமாக அந்தச் சத்தம் அவளுக்குத் தாலாட்டு. சுண்ணாம்புக்கட்டி போன்ற வெள்ளை வட்டை ஊசி முனை சீராக, வறட்சியாக, ஒரு துளி தண்ணீர் படாமல், மாவு பறக்க அரைத்துக்கொண்டிருக்கும். இன்று சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் இருந்தது, வாய் மூடாமல் மெல்லுகிறவன் பக்கத்தில் உட்கார்ந்தால் காதுக்குள் வந்து ஒட்டுகிற அந்தச் சளப் சளப். மாவு பறக்கவில்லை. கண்ணாடியின் உட்புறம் வியர்த்து, கொழகொழவென்று கோடு கோடாக வழிந்தது. கதவிடுக்கிலிருந்து வந்த வாசனையை அவள் கிளினிக்குகளில் முகர்ந்திருக்கிறாள். பல மாதம் சீழ் கட்டி அழுகிய வேரை டாக்டர் இடுக்கியால் வெளியே எடுக்கும் அந்த ஒரு வினாடியில் அறை முழுக்கப் பரவுமே, அது.

மாவண்ணன் வந்து கதவைத் திறந்தார். வட்டில் நான்கு கேப் இருந்திருக்க வேண்டும். கேப் என்பது வெறும் தொப்பி. உள்ளே குடைவாக இருக்கும், வேர் இருக்காது. வட்டு முழுக்கப் பற்கள். விளிம்பு வரை. ஒன்றின் மேல் ஒன்று. வேரோடு.

அவர் ஒன்றை இரண்டு விரலால் எடுத்தார்.

“என்ன இது... ஈரமா இருக்கு.”

அழுத்தினார். அது அமுங்கியது.

கீழே போட்டுவிட்டு விரல்களைச் சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அவள் ஓடினாள். படி, இரும்புக்கடை, சாலை, சுள்ளென்ற வெயில். கிளினிக் இரண்டு தெரு தள்ளி. எதிரே வந்தவர்கள் எல்லாரும் பேசிக்கொண்டும் கொட்டாவி விட்டுக்கொண்டும் வந்தார்கள், ஒவ்வொரு வாயும் திறக்கும்போது அவள் பார்வை உள்ளே போனது. போகாதே என்றாலும் போனது. ஈரம். சிவப்பு. உள்நாக்கின் ஆட்டம். இத்தனை காலம் இதைத் தொட்ட கையால்தானா சோறு பிசைந்தோம் என்று இருந்தது.

கிளினிக்கின் காத்திருப்பு அறையில் தங்கை கைக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள்.

தாமதம்.

“அக்கா!” தங்கை நிமிர்ந்து சிரித்தாள். கை மடியிலேயே இருந்தது. வாய்க்கு வரவில்லை. இரண்டு வருஷத்துக்குப் பிறகு முழுச் சிரிப்பு. அழகான பல். அவள் வரைந்த பல்.

டாக்டர் கதவோரம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். “உங்க லேப்ல இருந்து வந்ததுலயே இதுதான் பிரமாதம். வைக்கறதுக்கு முன்னாடியே தானாப் போய் உட்கார்ந்துடுச்சு.”

“வாயைத் திற,” என்றாள் அக்கா.

“என்னக்கா, வந்ததும் வராததுமா?”

“திறடி!”

போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். மேலே பதினான்கு. கீழே பதினான்கு. அண்ணம் சுத்தம். நாக்கைத் தூக்கச் சொன்னாள். சுத்தம். கன்னத்தை விரலால் விலக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. புதுப் பல்லின் ஓரத்தில் நகத்தை ஓட்டினாள். கெட்டி. காய்ந்த, குளிர்ந்த, நாணயமான கெட்டி.

தங்கை வாயை மூடிக்கொண்டு தோளில் அடித்தாள். “தானமா வாங்கின மாட்டைத்தான் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்பாங்க. நீ தானமாக் குடுத்துட்டுப் பிடிச்சுப் பார்க்கறியே!”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாற்காலியில் சரிந்தாள். கம்ப்யூட்டர்க்காரர் சும்மா பயமுறுத்துகிறார். மெஷினில் ஏதோ பழுது. வட்டில் ஏதோ கலப்படம். இந்த வாய் தப்பித்தது. இந்த ஒரு வாய் தப்பித்தால் போதும்.

டிக்.

மெல்லிய சத்தம். எங்கோ பக்கத்தில். இரண்டு கூழாங்கல் உரசியது மாதிரி.

“ஒண்ணே ஒண்ணுதான்க்கா,” என்றாள் தங்கை. “லைட்டை மூஞ்சிக்கு நேரா அடிச்சாங்களா, அதுல இருந்து கண்ணுல மணல் விழுந்த மாதிரி உறுத்துது.”

டிக்.

தங்கையின் வாய் மூடியிருந்தது. உதட்டில் புன்னகை மட்டும்.

டிக். டிக்.

அவள் இமைக்கும்போதெல்லாம்.

பக்கத்து அறை, என்று கம்ப்யூட்டர்க்காரர் சொன்னார். வாய்க்குப் பக்கத்தில் எது?

“காட்டு,” என்றாள்.

தங்கை முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள், குழந்தை மாதிரி, முழு நம்பிக்கையோடு. அக்கா ஆள்காட்டி விரல்நுனியைக் கீழ் இமையின் உள்ளோரத்தில் வைத்து இழுத்தாள். இமைக்குள் சிவப்பு. ஈரச் சிவப்பு. தடித்து, கொழுத்து, புள்ளி புள்ளியாக. ஒன்பது வருஷப் பழக்கத்தில் உடனே அடையாளம் தெரிந்தது. ஈறு. அதில் அரிசி அளவில், மஞ்சளாக, நெருக்கமாக, மூலை முதல் மூலை வரை ஒரு வரிசை. மேல் இமையில் இன்னொரு வரிசை. நடுவில் கருவிழி அவளைப் பார்த்தது. வரிசைக்குள்ளிருந்து எச்சில் நூலாக இறங்கி அவள் விரலை நனைத்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

“தூசியாக்கா?” என்று கேட்டுவிட்டு, தங்கை இமைத்தாள்.

அக்காவின் விரல்நுனி இன்னும் உள்ளே இருந்தது.