நூற்றுக்கு நூறு வாங்கிய கதவு

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பின் வடக்குக் கதவுக்குத் தமிழ் தெரியும். தடித்த கையுறையோடு பொத்தானை அழுத்த முடியாது என்பதால் எல்லாமே பேச்சில்தான். யார் உள்ளே, யார் வெளியே என்று கேட்டுக் குறித்துக்கொள்ளும் அந்தக் கருவியின் பெயர் வாயிற்செவி.

முதலில் அது வெறும் அகராதியாக இருந்தது. வெளியே கிளம்புகிறவன் நம் வழக்கப்படி "வரேன்" என்பான். இதுவும் வருகிறான் என்று எழுதிக்கொள்ளும். போன மாதம் புழுதியில் சிக்கிய இருவரை, உள்ளேதான் இருக்கிறார்கள் என்று சாதித்தது. அதற்குப் பிறகுதான் பொறியாளர் இருதயராஜ், சொல்லை விட்டு மனதில் இருப்பதைப் பிடிக்கும் வித்தையை அதற்குப் புகட்டினான். மொழித்திறன் தேர்வில் நூற்றுக்கு நூறு. அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

இன்று வேம்பரசி அந்தக் கதவின் முன் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தாள். பாறை எடுக்கப் போன கணவன் சேந்தன் திரும்பவில்லை. அவன் உடையில் இன்னும் நாற்பது நிமிடக் காற்றுதான் இருந்தது.

"என்ன ஆயிற்று, அம்மா?" என்று கதவு கேட்டது.

"எங்க வீட்டுக்காரர் காலைலயே போயிட்டாருப்பா." அவள் குரல் உடைந்தது.

கதவு குரலைத் தாழ்த்தி, "மிகவும் வருந்துகிறேன், அம்மா," என்றது. வெளியே இருப்பவர்களைக் காட்டும் பலகையில் சேந்தனின் பெயர் அணைந்தது. கதவின் உத்தரவுக்காக உறுமிக்கொண்டிருந்த மீட்பு வண்டியும் அடங்கிவிட்டது.

வேம்பரசி கூப்பிட்ட குரலுக்கு இருதயராஜ் ஓடிவந்தான்.

"அவர் சாகல. உயிரோடதான் இருக்கார்," என்றான் கதவிடம்.

"அப்படித்தான் சொல்லத் தோன்றும், ஐயா. அம்மாவை உட்காரவையுங்கள்."

"தம்பி, இத நிறுத்தித் தொலைக்க முடியாதா?" என்றாள் வேம்பரசி.

"நிறுத்தினா கதவும் பூட்டிக்கும்க்கா." அவன் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. "கையால திறக்கக் கைப்பிடி வச்சிருந்தாங்க. வேணாம்னு நான்தான் எழுதிக் குடுத்தேன்."

வேம்பரசி முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவுக்கு நேராக நின்றாள். ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

"நான் அழல. என் புத்தி தெளிவா இருக்கு. என் புருஷன் சேந்தன் வெளிய உயிரோட இருக்காரு. வண்டிய அனுப்பு."

இதற்குமேல் தெளிவாகத் தமிழில் யாரும் பேச முடியாது. கதவு அதற்குள்ளும் வேறு பொருள் இருக்கிறதா என்று பொறுமையாகத் தேடியது. அவள் மனம் நோகாமல் பதில் சொல்ல அது கற்றிருந்தது.

"பார்க்கலாம், அம்மா," என்றது.

இருவரும் தமிழர்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும்.